துறையின் நலன் கருதி

என் மனைவி கல்விக் குழுவின் உறுப்பினராகிவிட்டாள் என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் பல்கலைக்கழக பஸ்ஸின் டிரைவர்.

நாங்கள் பம்மலில் குடியிருக்கிறோம். காலையில் ஒரே ஸ்கூட்டரில் தாம்பரம் வருவோம். வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, வண்டலூரைத் தாண்டி இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் பஸ்ஸில் ஏறுவோம். அவள் புள்ளியியல் துறை. நான் புவியியல். அன்று அவள் பல்வலி என்று விடுப்பு எடுத்திருந்ததால் நான் மட்டும் ஏறினேன்.

"இன்னா சார், மேடம் வர்லியா? பெரிய கமிட்டில போட்டுக்கிறாங்களாமே. ஆபீஸ்ல பேசிக்கினு இருந்தாங்க. ஸ்வீட் எங்க சார்?" என்றார் டிரைவர்.

எந்தக் கமிட்டி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது பஸ் முழுக்கத் தெரிந்துவிடும். "நாளைக்குக் கொண்டுவரேன்" என்று சிரித்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். பெருங்களத்தூர் வரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவளைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே போனேன். கூப்பிடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நேத்து சாயந்தரம்தாங்க மெயில் வந்துச்சு. சொல்லணும்னு நினைச்சேன். அதுக்குள்ள இந்தப் பல்லு பிடிச்சுக்கிச்சு" என்றாள். கன்னம் வீங்கித்தான் இருந்தது. ஆனாலும் நான் நம்பவில்லை. முந்தின ராத்திரி பல்வலியோடு அவள் தன் அக்காவிடம் போனில் அரைமணி நேரம் பேசியதை நான் கேட்டிருந்தேன்.

கல்விக் குழு என்றால் வெளியாட்களுக்கு ஒன்றும் தோன்றாது. எந்தப் படிப்பைப் புதிதாகத் தொடங்குவது, எதை நிறுத்துவது, எந்தப் பாடத்தை எப்படி மாற்றுவது என்று முடிவெடுக்கிற இடம் அது. துணைவேந்தர் தலைமை. டீன்கள் அல்லாத ஆசிரியர்களுக்கு அதில் இரண்டே இடம்தான் உண்டு. துணைவேந்தராகப் பார்த்து நியமிக்க வேண்டும். நான் அவளைவிட நான்கு வருஷம் சீனியர். இந்த முறை என் பெயர் வரும் என்று எங்கள் துறையில் பலர் சொல்லியிருந்தார்கள். நானும் டீனைப் பார்க்கும்போதெல்லாம் பாடத்திட்டம் பற்றி ஏதாவது இரண்டு வார்த்தை சொல்லிவைத்திருந்தேன்.

"வாழ்த்துக்கள்" என்று அவளிடம் சொன்னேன். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடிதத்தில் எழுதுகிற வார்த்தை போல இருந்தது. அவளும் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ்" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குள் வந்ததைப் பொறாமை என்று அப்போது நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். அவளுக்கு வேலை அதிகமாகிவிட்டதே என்ற கவலை என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் கவலைப்படுகிறவன் செய்கிற காரியங்களை நான் செய்யவில்லை. முதல் கூட்டத்துக்குப் போகும் அன்று கருநீலக் காஞ்சிப் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். மிகவும் நன்றாக இருந்தது. "கொஞ்சம் ஓவரா இருக்கு" என்றேன். உள்ளே போய்ச் சாம்பல் நிறப் புடவைக்கு மாறி வந்தாள். அன்று பஸ்ஸைப் பிடிக்க நாங்கள் ஓடவேண்டியிருந்தது.

கூட்டம் முடிந்து வந்தவளிடம் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி, கத்திரிக்காய். கடைசியா ஃப்ரூட் சாலட்."

"அது சரி. என்ன பேசினீங்க?"

"அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க. மினிட்ஸ் வர வரைக்கும் வெளியில பேச மாட்டோம்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. ப்ரொஃபஷனல் காண்டக்ட் ரூல்."

"என்கிட்ட கூடவா?"

"உங்ககிட்ட கூடத்தான்" என்று சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. அதுவரை எங்கள் இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே வம்பு, ஒரே பஸ். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த டீனுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பதெல்லாம் தாம்பரத்திலிருந்து பம்மல் வருவதற்குள் ஸ்கூட்டரிலேயே பேசித் தீர்ப்போம். இப்போது அவளுக்கு மட்டும் ஒரு தனி அறை கிடைத்திருந்தது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

தேர்வுப் பிரிவில் ஒரு பெண் குமாஸ்தா உண்டு. பத்து வருஷமாக என்னை 'ஜியாகிரபி சார்' என்று கூப்பிட்டவர். ஒருநாள் புதிதாக வந்த ஒருவரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். "இவரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேடமோட ஹஸ்பண்ட்." அந்தப் புதியவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். எனக்கு அப்படி யாரும் எழுந்து நின்றதில்லை. அந்த வணக்கமும் எனக்கில்லை.

சில நாள் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து அவளுக்குப் போன் வரும். பால்கனிக்குப் போய்ப் பேசுவாள். நடுவில் சிரிப்பாள். நான் டி.வி. சத்தத்தைக் கூட்டுவேன். அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் சாத்தட்டும் என்றுதான் நான் கூட்டினேனோ, பிறகு சாத்திவிட்டாளே என்று கோபப்படுவதற்காகத்தான் கூட்டினேனோ, தெரியாது.

மூன்றாவது கூட்டத்துக்கான அஜெண்டா ஃபைல் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நீல அட்டை, மேலே 'இரகசியம்' என்ற முத்திரை. அடுத்த சனிக்கிழமை கூட்டம். ஃபைலை அவள் பீரோவில் துணிகளுக்கு மேலே வைத்தாள். பீரோவைப் பூட்டவில்லை. எங்கள் வீட்டில் எதையும் பூட்டுகிற பழக்கம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு இருவரும் சேர்ந்துதான் போவோம். அன்று தலைவலி என்று படுத்துக்கொண்டேன். நெற்றியில் தைலம் தடவிவிட்டு, ஃப்ளாஸ்க்கில் காபி வைத்துவிட்டு அவள் மட்டும் போனாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் எழுந்தேன். ஃபைலை எடுத்துக் கட்டில்மேல் விரித்தேன்.

பாதிக்கு மேல் ஒன்றுமில்லாத விஷயங்கள். பாட எண்களில் திருத்தம், தேர்வாளர் பட்டியல். பதினான்காவது பொருளுக்கு வந்தேன். 'சேர்க்கை குறைந்துவரும் முதுகலைப் படிப்புகளை வரும் கல்வியாண்டு முதல் நிறுத்துதல்: எம்.எஸ்சி. புவியியல்.' அவ்வளவுதான். நான் அந்தப் படிப்பில்தான் பாடம் எடுக்கிறேன். அதன் களப்பணிப் பாடத்தை உருவாக்கியவன் நான். அதற்கு அங்கே ஒன்றரை வரி ஒதுக்கியிருந்தார்கள்.

ஓரத்தில் அவளுடைய பென்சிலில் ஒரு டிக் இருந்தது.

வேறு எந்தப் பொருளுக்கும் அப்படி டிக் இல்லை. அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து இதைத் தெரிந்துகொண்டேதான் எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள், தைலம் தடவியிருக்கிறாள் என்று நினைத்தேன். போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தேன். அவளிடம் இருப்பதில் கொஞ்சம் என்னிடமும் இருக்கட்டும் என்று தோன்றியிருக்கலாம்.

அவள் திரும்பி வந்து, "தலைவலி எப்படி இருக்கு?" என்றாள். "பரவாயில்ல" என்றேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் எங்கள் துறைத்தலைவரோடு வாசலுக்கு வெளியே டீக்கடைக்குப் போனேன். நல்ல மனிதர், ஆனால் பதற்றக்காரர்.

"சார், நம்ம பி.ஜி.யை மூடப் போறாங்கன்னு ஒரு பேச்சு அடிபடுது. உங்களுக்குத் தெரியாம இருக்குமா? வீட்டுல சொல்லியிருப்பாங்களே" என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் மனைவி அப்படியெல்லாம் சொல்லுகிறவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது பெருமையான பதில்கூட. ஆனால் அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"பதினாலாவது ஐட்டம். இந்தச் சனிக்கிழமை" என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "நிஜமாவா சார்?"

போனை எடுத்துக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். "எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க சார். யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றார். அங்கேயே நின்று அனுப்பினேன்.

அவர் யாருக்கும் காட்டவில்லை. பழைய மாணவர் சங்கத்தின் செயலாளருக்கு மட்டும் அனுப்பினார். புதன்கிழமை மதியம் துணைவேந்தர் மேசையில் முன்னாள் மாணவர்களின் மனு ஒன்று இருந்தது. பின்னிணைப்பாக அந்தப் படம்.

உறுப்பினர்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு பிரதியிலும் மூலையில் ஓர் எண் உண்டு. படத்தில் எண் வெட்டுப்பட்டிருந்தது. ஆனால் பென்சில் டிக் தெளிவாக விழுந்திருந்தது. பதிவாளர் எல்லோருடைய ஃபைலையும் வாங்கிப் பார்த்திருக்கிறார். வியாழக்கிழமை என் மனைவியைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வழியில் ஓர் இடத்தில் மாநகர பஸ் ஒன்று பழுதாகி நின்று வண்டிகள் நகரவே இல்லை. அந்த இருபது நிமிஷமும் அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஏழு நாளைக்குள் விளக்கம் கேட்டு மெமோ.

"என் காப்பிதான்னு ஒத்துக்கிட்டேன். எப்படி வெளிய போச்சுன்னு கேட்டாங்க. பொறுப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"யாராவது ஸ்டாஃப் ரூம்ல எடுத்திருப்பாங்க" என்றேன்.

இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. அவள் சமையலறைக்குப் போனாள். இரண்டு நாளும் அதைப்பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. விசாரணை முடியும்வரை கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று வெள்ளிக்கிழமை அவளுக்குத் தகவல் வந்தது. கூட்டம் நடந்தது. பதினான்காவது பொருள் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. மனு கொடுத்து மிரட்டுவதா என்று துணைவேந்தருக்கு ஏக கோபம் என்று துறைத்தலைவர் மத்தியானமே போன் செய்தார்.

அன்று மாலை அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன். எங்கள் மாடியிலிருந்து திருநீர்மலைக் கோயில் தெரியும். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்கிட்ட இன்னும் சொல்ல மாட்டீங்களா?" என்றாள் அவள்.

கொடியில் கடைசியாக இருந்த என் சட்டையை உருவிக்கொண்டே சொன்னாள்.

"போட்டோவுல கீழ் ஓரத்துல பச்சைக் கட்டம் தெரியுதுங்க. நம்ம பெட்ஷீட். பதிவாளர் ரூம்ல பார்த்தவுடனே தெரிஞ்சுபோச்சு. மூணு நாளா நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"நீ மட்டும் என்கிட்ட சொன்னியா? என் கோர்ஸை மூடறதுக்கு டிக் போட்டு வெச்சுக்கிட்டு..."

கையிலிருந்த துணியைச் சுவர்மேல் வைத்தாள். "டிக் போட்டது அதுல பேசறதுக்குங்க. நான் பேச வேண்டிய ஒரே ஐட்டம் அதுதான். என் ஹஸ்பண்ட் அந்தத் துறையில இருக்காரு, ஓட்டுப் போட மாட்டேன், ஆனா அட்மிஷன் கணக்கைத் தப்பாப் போட்டிருக்காங்க, அதை மட்டும் சொல்ல அனுமதி வேணும்னு முன்னாடியே லெட்டர் கொடுத்திருந்தேன். சரின்னு சொல்லியிருந்தாங்க. ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருந்தேன். ஒரு வருஷம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கறதா இருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா நீங்க கேட்கவே இல்லையே."

துணிகளை அள்ளிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். நான் இருட்டும் வரை அங்கேயே நின்றேன். வெட்கத்தைவிட அப்போது எனக்கு அதிகமாக இருந்தது எது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்காக எழுதிய அந்த இரண்டு பக்கத்தையும் அவளால் என்னிடம் காட்டாமல் வைத்திருக்க முடிந்ததே என்ற பொறாமைதான்.

திங்கட்கிழமை காலை பதிவாளரைப் போய்ப் பார்த்தேன். நான்தான் எடுத்தேன், அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? டிபார்ட்மென்ட்டைக் காப்பாத்தணும்னு தோணிச்சா?"

அவர் இரக்கப்பட்டுத்தான் கேட்டார். தப்பித்துக்கொள்ள ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவது போல. நான் அதில் உட்கார்ந்துவிட்டேன். "ஆமாம் சார்" என்றேன். விளக்கக் கடிதத்திலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். 'துறையின் நலன் கருதி, மாணவர் எதிர்காலம் குறித்த கவலையால் அவ்வாறு செய்துவிட்டேன்.'

மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்னை இரண்டு முறை விசாரித்தது. எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு எந்தக் குழுவிலும் இடம்பெறக் கூடாது என்று தடை போட்டார்கள். நான் எந்தக் குழுவிலும் இல்லை. துறைத்தலைவருக்கும் எச்சரிக்கை வந்தது. என் மனைவியின் மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஃபைலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று வாய்மொழியாக ஒரு வார்த்தை சொல்லி, குழுவில் தொடரச் சொன்னார்கள்.

இதில் எனக்குப் பெயர் கிடைத்ததுதான் வேடிக்கை. துறைக்காக வேலையைப் பணயம் வைத்தவன் என்று இளம் ஆசிரியர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். பழைய மாணவர்கள் போன் செய்தார்கள். ஒருவர், "சார், உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும் சார்" என்று குரல் தழுதழுக்கப் பேசினார். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் கேட்கட்டும் என்றுதான் போட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும் சொன்னாள். "உங்க லெட்டரைக் காட்டினாங்க. படிச்சேன்."

"ம்."

"அது பொய்யிங்க. துறையின் நலனெல்லாம் கிடையாது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊருக்குச் சொல்லுங்க, பரவாயில்ல. என்கிட்ட ஸ்பீக்கர் போடாதீங்க."

அதற்குப் பிறகு எட்டு மாதம் நாங்கள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலையில் ஸ்கூட்டரில் ஏறுவாள், தோளில் கை வைக்காமல் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். குழுவின் தாள்களை அவள் வீட்டுக்குக் கொண்டுவருவதே இல்லை. அலுவலகத்திலேயே பூட்டிவிட்டு வருவாள். துறைகளில் அவளைப்பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்தி, நல்லவிதமாகப் பேசினார்கள். மெமோ வந்தபோதுகூடப் புருஷன் பெயரைச் சொல்லாமல் இருந்தாள் என்று எப்படியோ வெளியே தெரிந்திருந்தது. அதைக் கேட்கும்போதும் எனக்குப் பெருமை வரவில்லை. என் குற்றத்தைக்கூட அவள் தன் பெயருக்கு நல்லதாக மாற்றிக்கொண்டுவிட்டாள் என்று எண்ணம் போயிற்று. எவ்வளவு கேவலமான எண்ணம் என்று தெரிந்தே எண்ணினேன்.

புதிய சேர்க்கை நின்றது. இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்ட நான்கு பேர்தான் கடைசி. அவர்களை முடித்து அனுப்பிய பிறகு, முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் பொதுப்பாடம் எடுக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்திருந்தது. இப்போது அதைத்தான் எடுக்கிறேன். பெரிய ஹால், மைக்கில் பேச வேண்டும். பின்வரிசையில் தூங்குகிறார்கள்.

அந்த நான்கு பேரின் கடைசிக் களப்பணி வண்டலூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரியில். கரையை அளந்து வரைபடம் போட வேண்டும். மாணவர்கள் என் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். அளந்த எண்களை வைத்து என்ன செய்வது என்று அவள் போன பருவத்தில் அவர்களுக்கு இரண்டு வகுப்பு எடுத்திருந்தாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. தயிர்சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு வந்தாள்.

கரையில் ஒரு வேப்பமரத்தடியில் சாப்பிட்டு முடித்ததும் நால்வரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். எந்தக் கோர்ஸ் சேர்த்துப் படித்தால் வேலை கிடைக்கும், இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று கேள்விமேல் கேள்வி. அவள் தரையில் குச்சியால் கோடு போட்டு விளக்கினாள். ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். இரண்டு வருஷமாக நான் சொன்ன எதையும் அந்தப் பெண் அப்படி எழுதிக்கொண்டு நான் பார்த்ததில்லை. நான் அளவு நாடாவைச் சுருட்டுகிறவன் போலச் சற்றுத் தள்ளி நின்றேன். சுருட்டி முடித்து, மறுபடி பிரித்து, மறுபடி சுருட்டினேன்.

பிள்ளைகள் கை கழுவப் போனபோது அவள் எழுந்து என் பக்கம் வந்தாள்.

"என்ன, ஒரு மாதிரி நிக்கறீங்க?"

"பசங்க எல்லாம் உன்கிட்டதான் பேசறாங்க."

"பொறாமையா இருக்கா?"

அவள் அதைக் கேலியாகக் கேட்கவில்லை. காய்ச்சல் இருக்கா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"ஆமா" என்றேன். "முதல்லேர்ந்தே இருக்கு. டிரைவர் ஸ்வீட் கேட்ட அன்னிலேர்ந்து. அதனாலதான் ஃபைலை எடுத்தேன். துறைக்காக இல்ல."

அவள் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

"இப்பவும் இருக்கு" என்றேன்.

"சரி" என்றாள். "இருந்தா சொல்லுங்க. எடுக்காதீங்க."

அதற்குள் மாணவர்களில் ஒருவன் கரைமேல் ஏறி நின்றுகொண்டு, "சார், தண்ணி வழியற கலங்கல் எந்தப் பக்கம் வரும் சார்? மேப்ல தெரியல" என்று கத்தினான். அளவு நாடாவை அவளிடம் கொடுத்துவிட்டு அவனைப் பார்க்க நடந்தேன்.